நாடு கடத்தல்: ஒரே சொல், மூன்று வேலை

2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் வந்து இறங்கியது. உள்ளே 104 இந்தியர்கள். வழி நெடுக கையில் விலங்கு, காலில் சங்கிலி. ‘அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்ட இந்தியர்கள்’ என்று தமிழில் செய்தி வந்தது. இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில், மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்கா இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கும் ‘ராணா நாடு கடத்தப்பட்டார்’ என்றுதான் எழுதினார்கள். சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால், கண்டியின் கடைசி மன்னனை ஆங்கிலேயர் வேலூருக்கு ‘நாடு கடத்தினார்கள்’.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அமிர்தசரஸில் இறங்கியவர்கள் சொந்த நாட்டுக்கு வந்தவர்கள். ராணா பாகிஸ்தானில் பிறந்து கனடாக் குடியுரிமை வாங்கியவர். அவரைக் கொண்டுவந்தது அவருக்குச் சொந்தமில்லாத ஒரு நாட்டுக்கு, விசாரணைக்காக. கண்டி மன்னனையோ அவன் ஆண்ட மண்ணிலிருந்தே பிடுங்கி எறிந்தார்கள். திசை மூன்றும் வேறு, காரணம் மூன்றும் வேறு. சொல் மட்டும் ஒன்று.

இது எப்படி நடந்தது என்று தெரிய அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘கடத்தல்’ என்றதும் இன்று நமக்கு முதலில் தோன்றுவது விமான நிலையத்தில் பிடிபடும் தங்கம். அடுத்து ஆள் கடத்தல். என் அக்கா மகன் ஆறாவது படிக்கும்போது, “நாட்டையே எப்படி மாமா கடத்துவாங்க?” என்று கேட்டான். சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. தங்கக் கடத்தலில் கடத்தப்படுவது தங்கம். அந்தக் கணக்கில் நாடு கடத்தலில் கடத்தப்படுவது நாடாகத்தானே இருக்க வேண்டும்?

விடை பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. நட என்பது தன்வினை. நடத்து என்பது பிறவினை. கிட, கிடத்து. அதே வரிசையில் கட, கடத்து. தானே தாண்டிப் போனால் ‘கடந்தான்’. இன்னொருவர் தாண்ட வைத்தால் ‘கடத்தினார்’. பொழுதைக் கடத்துகிறோம், அதாவது அது நம்மைத் தாண்டிப் போகச் செய்கிறோம். மின்சாரத்தைத் தன் வழியே போகவிடும் செம்புக் கம்பி மின்கடத்தி. சுங்கத்துக்குத் தெரியாமல் எல்லை தாண்ட வைப்பதால் தங்கமும் கடத்தல் பொருளாகிறது. திருட்டு என்ற நெடி இந்தச் சொல்லில் பின்னால் ஏறியதே தவிர, வேரில் இல்லை.

ஆக, ‘அவன் நாட்டைக் கடந்தான்’ என்பதைப் பிறவினையாக்கினால் ‘அவனை நாடு கடத்தினார்கள்’. இங்கே நாடு என்பது தூக்கிச் செல்லும் பொருள் இல்லை, தாண்டப்படும் எல்லை. கடத்தப்படுவது ஆள்.

சொல்லுக்குள் இருப்பது அவ்வளவுதான். ஒருவர் இருக்கிறார், ஓர் எல்லை இருக்கிறது, அவரைத் தாண்ட வைக்கும் ஒரு கை இருக்கிறது. எந்த நாட்டை விட்டு என்றோ, எந்த நாட்டுக்கு என்றோ, சொந்தமா அந்நியமா என்றோ, குற்றம் உண்டா இல்லையா என்றோ அது வாய் திறப்பதில்லை. அதனால்தான் மூன்று வேலைக்கும் வளைந்துகொடுக்கிறது.

முதலில் இன்றைய இரண்டை முடித்துவிடுவோம், இவை எளிது. விசா காலாவதியானவரை, அனுமதியில்லாமல் நுழைந்தவரை ஓர் அரசு ‘உனக்கு இங்கே இருக்க உரிமையில்லை, கிளம்பு’ என்று அனுப்புவது ஒன்று. ஆங்கிலத்தில் டிபோர்ட்டேஷன். இங்கே பெரிய குற்றம் எதுவும் வேண்டியதில்லை. அனுப்புகிற அரசின் குடியேற்றச் சட்டம் போதும். போய்ச் சேருவது பெரும்பாலும் அவரவர் சொந்த நாடு. இன்னொன்று எக்ஸ்ட்ரடிஷன். ‘எங்கள் நாட்டில் குற்றம் செய்துவிட்டு உங்களிடம் ஒளிந்திருக்கிறார், தாருங்கள்’ என்று ஒரு நாடு கேட்க, மற்ற நாடு தன் நீதிமன்றத்தில் வைத்து அலசிப் பார்த்து ஒப்படைப்பது. இதற்கு வழக்கமாக இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும். செய்த காரியம் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தியாவில் இதற்கென்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் இந்த வகைதான்.

முன்னதற்கு ‘திருப்பி அனுப்புதல்’, பின்னதற்கு ‘ஒப்படைத்தல்’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். சில செய்தியாளர்கள் எழுதவும் செய்கிறார்கள். ஆனால் தலைப்பில் ‘நாடு கடத்தல்’ என்று போட்டால் வரும் விறைப்பு ‘திருப்பி அனுப்புதல்’ என்பதில் வராது.

மூன்றாவது வகைக்கு வருவோம். சொந்த மண்ணிலிருந்து விரட்டுவது. சொல்லின் பழைய வேலை இதுதான், கதையும் இங்கேதான்.

பழந்தமிழில் நாடு என்றால் பாஸ்போர்ட் கொடுக்கும் தேசம் இல்லை. சோழர் காலத்தில் சில பல ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரத்துக்கே நாடு என்று பெயர். ஒரத்தநாடு, செட்டிநாடு என்று அந்தப் பழக்கம் இன்னும் ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்னால் நாட்டுக்கு எதிர்ப்பதம் இன்னொரு நாடு அல்ல, காடு. ‘நாடாகு ஒன்றோ காடாகு ஒன்றோ’ என்று ஔவையார் புறநானூற்றில் நிலத்தைப் பார்த்துப் பேசுகிறார். உழுது விதைத்து மனிதர் கூடி வாழும் இடம் நாடு, மற்றது காடு. ஒருவரை நாட்டை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டாம், மரம் அடர்ந்த இடம் வரை போனால் போதும். கதைகளில் வரும் தண்டனை வனவாசமாக இருப்பதன் நியாயம் இதுதான்.

கம்பராமாயணத்தில் கைகேயி இராமனிடம் அந்தச் செய்தியைச் சொல்லும் இடம் எனக்கு இந்த விஷயத்தில் தனிப் பாடம். ‘ஆழிசூழ் உலகமெல்லாம் பரதனே ஆள, நீ போய்’ என்று தொடங்குகிறாள். சடை தாங்கி, தவம் மேற்கொண்டு, புழுதி பறக்கும் காட்டை அடைந்து, புண்ணியத் துறைகளில் நீராடி, ‘ஏழிரண்டு ஆண்டின் வா’ என்று அரசன் சொன்னான் என்கிறாள். முற்றுவினையைத் தேடுங்கள். ‘போ’ இல்லை, ‘வா’. போவதெல்லாம் எச்சங்களாகவே நழுவிவிடுகிறது. பதினான்கு என்ற பெரிய எண்ணும் ஏழு, இரண்டு என்று உடைந்துபோகிறது. நாட்டை விட்டுத் துரத்தும் ஆணையில் துரத்தும் வினைச்சொல்லே கிடையாது! அவள் சாமர்த்தியமா, கம்பன் சாமர்த்தியமா என்று கேட்டால் பட்டிமன்றம் நடத்தலாம்.

கடல் பின்னால் வருகிறது. கிழக்கிந்தியக் கும்பெனி ஆட்சியில் இந்தத் தண்டனைக்குத் தமிழில் வழங்கிய சொல் தீவாந்தரம். த்வீபாந்தரம் என்ற வடசொல் தேய்ந்தது. பொருள் ‘வேறு தீவு’. ‘தீவாந்தர சிட்சை’ என்று பழைய பத்திரிகைகளில் பார்க்கலாம். பாளையக்காரர் போர் முடிந்து, 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். மிஞ்சியவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவன், பதினைந்து வயதுப் பையன். அந்தப் போரில் கும்பெனிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி, முன்பு சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியக் கற்றுக்கொண்டவர். 1818இல் அவர் பினாங்கு போனபோது துரைசாமி அவர் முன்னால் வந்து நின்றான். வெல்ஷுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். போனது பையன், பதினாறு வருடத்தில் நின்றது தளர்ந்துபோன ஆள்.

1858 முதல் பினாங்கின் இடத்தை அந்தமான் பிடித்துக்கொண்டது. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்ததும் தீவாந்தர தண்டனைதான், இரண்டு தண்டனையும் சேர்ந்து 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. தீர்ப்பில் தீவு இருந்ததே தவிர அவர் அந்தமான் போகவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ‘தீவாந்தரம்’ என்பது அப்போதே பாதி சட்டச் சடங்காகிவிட்டது என்பதற்கு இது நல்ல சாட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு 1955இல் இந்திய தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ‘ஆயுள்காலத் தீவாந்தரம்’ இருந்த இடத்திலெல்லாம் ‘ஆயுள் சிறை’ என்று மாற்றினார்கள். இன்று நாம் ஆயுள் தண்டனை என்று சொல்வது அந்தக் கப்பல் தண்டனையின் நேர் வாரிசு.

இனி கண்டி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பிப்ரவரி 18ஆம் தேதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மன்னனுக்கும் அவன் வம்சத்துக்கும் இனி அரியணை உரிமை இல்லை என்றதோடு அது நிற்கவில்லை. மன்னனின் ஆண் உறவினர்கள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கண்டிப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் யாரும் திரும்பி வரக் கூடாது. மீறினால் ராணுவச் சட்டப்படி தண்டனை என்று தனி ஷரத்தே போட்டார்கள். மலபார் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் சொன்னது தென்னிந்தியத் தமிழ் வழியினரை.

மன்னன் நாயக்கர் வழி வந்தவன். அந்த வம்சம் கண்டியில் ஏறியது 1739இல். பிடிபட்டபோது கணக்குக்கு எழுபத்தாறு வருடம். அப்படியென்றால் 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுவந்தது நாடு கடத்தலா, ‘உன் ஊருக்கே போ’ என்று திருப்பி அனுப்பியதா? அனுப்பியவர்களுக்கு இந்த மயக்கம் ரொம்ப வசதி. அந்நியன் என்று முத்திரை குத்திவிட்டால், நாட்டுக்காரனைத் துரத்தினோம் என்ற பழி இல்லாமல் போகிறது. மன்னனுக்கு எது சொந்த ஊர் என்பதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்ற கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கே பதினாறு வருடம் இருந்து 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தான். பாலாற்றங்கரையில் சமாதி, முத்து மண்டபம். அவன் சிம்மாசனமும் கிரீடமும் 1934இல் இலங்கைக்குத் திரும்பிப் போயின. பொருள்களுக்குத் தடையுத்தரவு கிடையாது போலும்.

ரோமாபுரியிலும் இப்படி ஒரு சொற்சண்டை உண்டு. அங்கே ஒருவரை விரட்டும் சட்டத்துக்குப் பெயரே ‘நீரும் நெருப்பும் மறுத்தல்’. அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, அடுப்பு மூட்ட நெருப்பு கொடுக்கக் கூடாது. பிறகு அவர் எப்படி ஊரில் இருக்க முடியும்? கவிஞர் ஓவிட் பொ.ஆ. 8இல் கருங்கடல் ஓரத்து தோமிஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் கடைசி வரை அழுத்திச் சொன்னது, ‘நான் எக்ஸுல் அல்ல, ரெலெகாத்துஸ்’. முதல் வகைக்குக் குடியுரிமையும் சொத்தும் போய்விடும். இரண்டாவது வகையில் இடம் மட்டும்தான் மாறும். ஆங்கிலத்தின் ‘எக்ஸைல்’ அந்த எக்ஸுலிலிருந்து வந்ததுதான். நீர் நெருப்பு விஷயம் நமக்குப் புதிதில்லை. நம் கிராமங்களில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்தால் ‘தண்ணி, நெருப்பு குடுக்கக் கூடாது’ என்றுதானே கட்டுப்பாடு போடுவார்கள். இதில் ஆள் எங்கும் போவதில்லை, ஊர்தான் அவரிடமிருந்து விலகிக்கொள்கிறது. நாடு கடத்தலின் நடக்காத வடிவம்.

மறுபடியும் இலக்கணம். தன்வினை, பிறவினை வேறுபாடு தேர்வில் இரண்டு மார்க் கேள்வி மட்டும் இல்லை. ‘புலம்பெயர்’ என்ற சொல்லைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ காட்சியைப் பட்டினப்பாலை பாடுகிறது. வாணிபத்துக்கு வந்த பல மொழிக்காரர்கள் அவர்கள், துரத்தப்பட்டவர்கள் அல்லர். 1983க்குப் பிறகு கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று சிதறிய ஈழத்தமிழர்கள் அதே சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். சொல் தன்வினை. பெயர்ந்தார்கள், அவ்வளவே. பெயர்த்தது யார் என்பது சொல்லில் இல்லை. நாட்டுக்குள்ளேயே அலைந்தவர்களுக்கு ‘இடம்பெயர்ந்தோர்’. அதுவும் தன்வினை.

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியே போகச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளம் பக்கம் போய்க் குடியேறிய அந்த மக்கள் தங்களுக்கு நடந்ததை ‘இடப்பெயர்வு’ என்று எழுதினால் ஒத்துக்கொள்வதில்லை. ‘வெளியேற்றம்’ என்பார்கள். வெளியேறு தன்வினை, வெளியேற்று பிறவினை. ஒற்றை றகரம் இரட்டித்த இடத்தில் செய்தவரின் நிழல் வந்து விழுகிறது. அந்த ஒரு மெய்யெழுத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாரில்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் அது புரியும்.

இதற்கு நேர்மாறான சொல்லும் தமிழில் ஒன்று இருக்கிறது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தைக்கூட இவ்வளவு சமமாகப் பிரிக்க மாட்டார்கள்.

வந்தவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. தாயகம், திரும்புதல், இரண்டும் இனிய சொற்கள். ஆனால் திரும்புவதற்கு முதலில் ஒருவர் அங்கிருந்து போயிருக்க வேண்டாமா? போனவர் தாத்தா, திரும்பியவர் பேத்தி. அவள் இந்தியாவைப் பார்ப்பதே அப்போதுதான் முதல் தடவை. இலங்கையில் இந்தியத் தமிழர் என்று பதிவு. கோத்தகிரியிலும் கூடலூரிலும் வந்து குடியேறினால் ‘சிலோன்காரங்க’. ஒரே ஆள் இரண்டு கரையிலும் எதிர்க்கரைக்காரர்.

இராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமுக்கு இதில் ஒரு விசித்திரமான பங்கு உண்டு. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய் நொடி இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்து அனுப்பியது அங்கேதான். தாயகம் திரும்பியோரை இறக்கித் தங்கவைத்து ஊர் பிரித்து அனுப்பியதும் அங்கேதான். தாத்தா படுத்திருந்த கொட்டகையில் பேத்தி படுத்திருக்கலாம்.

இது நாடு கடத்தலா? சட்டப்படி கிடையாது. விண்ணப்பம் இருந்தது, கையெழுத்து இருந்தது, விரும்பியே எழுதிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். காகிதத்தில் எல்லாமே தன்வினை. ஆனால் மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பும்போது, ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த குடும்பங்கள் பாதி உள்ளேயும் பாதி பிளாட்பாரத்திலுமாக நின்றன. ரயிலுக்கு அங்கே கோச்சி என்று பெயர். அந்த ரயிலுக்கு மட்டும் ஜனங்கள் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி.